திரும்பி வந்த வீரம்

மேஜர் முகுந்த் வரதராஜனைத் தாம்பரம் வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் உயிர்விட்டார், மறைவுக்குப் பின் அசோகச் சக்கரம் பெற்றார் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ வந்த பிறகு, பொத்தேரி விடுதிகளில் தங்கிப் படிக்கும் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் பழகிவிட்டது. நல்ல விஷயம். ஓர் ஊர் தன் வீரனை இப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே பொத்தேரியில், காலை மின்சார ரயில் நின்றதும் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் மாணவர்களைப் பார்க்கலாம். இங்கே காட்டாங்குளத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரி, தெற்கே போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. இந்த ஒரு சாலை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான டாக்டர்களை உருவாக்கி அனுப்புகிறது. லெப்டினென்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் யார் என்று அவர்களிடம் கேட்டால் பதில் வருமா என்பது சந்தேகம்தான். அவர்கள்மேல் குற்றமில்லை. சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்?

ரங்கராஜ் நம்மூர்க்காரர். பெயருக்கு முன்னால் நிற்கும் ‘ஏ’ ஆற்காடு. ராணுவ மருத்துவர். இந்தியப் படையில் முதன்முதலில் பாராசூட் கட்டிக் குதித்த இந்தியர்களில் ஒருவர். போர்க்கால விருதுகளில் பரம் வீர் சக்கரத்துக்கு அடுத்த நிலையிலுள்ள மகா வீர் சக்கரத்தைப் பெற்றவர். 2020-ல் தென்கொரியா அவரைக் கொரியப் போர் நாயகர்களில் ஒருவராகப் பெருமைப்படுத்தியது. இங்கே அவர் மறக்கப்பட்டதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். எனக்குப் படுவது ஒன்றுதான்: அவர் போரில் சாகவில்லை.

கடுமையாகச் சொல்வதாகத் தோன்றலாம். அவர் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

1941 அக்டோபரில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, டெல்லியில் 50-வது இந்தியப் பாராசூட் பிரிகேடை உருவாக்கினார்கள். ஆங்கிலேயருக்கு 151, இந்தியருக்கு 152, கூர்க்காக்களுக்கு 153 என மூன்று பட்டாலியன்கள். 152-க்கு மருத்துவ அதிகாரியாக வந்தவர் இளம் டாக்டர் ரங்கராஜ். விமானத்திலிருந்து ஆள் குதிப்பது என்பதே அன்று இங்கே கேள்விப்படாத சங்கதி. பயிற்சிக்குப் போதிய பாராசூட்டுகள்கூடக் கையில் இல்லை. குதித்த முதல் இந்தியர்கள் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். இன்னொருவர் இந்த டாக்டர். குதித்துக் காலை ஒடித்துக்கொள்பவனுக்குக் கட்டுப்போடுவதுதான் அவர் வேலை. கீழே நின்று காத்திருந்தாலே போதும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ முதலில் ஏறிவிட்டார். டாக்டரே குதித்துவிட்ட பிறகு எந்தச் சிப்பாய் வாசலில் நின்று தயங்குவான்?

அந்த பிரிகேடு 1944 மார்ச்சில் மணிப்பூரின் சங்ஷாக் மலைக்கிராமத்தில் ஜப்பானியப் படையிடம் சிக்கிப் பெரும் உயிர்ச்சேதத்துடன் சில நாட்கள் தாக்குப்பிடித்தது. கொஹிமாவும் இம்பாலும் தயாராவதற்கு அந்தச் சில நாட்கள் பெரிதும் உதவின என்பது போர் வரலாறு எழுதுவோர் பலருடைய கணிப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜப்பானியரோடு நின்றது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் பட்டம் பெற்ற கேப்டன் லட்சுமி அந்தப் படையில் இருந்தார். ஒரே மாகாணத்து டாக்டர்கள் ஒரே போரில் எதிரெதிர் அணிகளில். இதில் யார் பக்கம் நியாயம் என்று பட்டிமன்றம் வைக்கலாம். பர்மா எல்லைக் காடுகளில் இரு தரப்பு டாக்டர்களும் மல்லுக்கட்டியது என்னவோ மலேரியாவோடும் வயிற்றுப்போக்கோடும்தான்.

ரங்கராஜின் பெயர் உலகத்துக்குத் தெரியவந்தது கொரியாவில். 1950 ஜூனில் அங்கே போர் மூண்டபோது இந்தியா சங்கடமான இடத்தில் இருந்தது. ஐ.நா.வின் கண்டனத் தீர்மானத்தை ஆதரித்தது. ஆனால், துப்பாக்கி ஏந்திய படையை அனுப்ப நேரு அரசுக்கு விருப்பமில்லை. மருத்துவப் படையை அனுப்புவது என்று முடிவானது. போனது 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ், அதன் தலைவர் லெப்டினென்ட் கர்னல் ரங்கராஜ். 300-க்கும் மேற்பட்டவர்களோடு நவம்பர் 20 அன்று பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். பேருக்குத்தான் ‘ஆம்புலன்ஸ்’. உண்மையில் அறுவை அரங்கு, மயக்க மருந்து, படுக்கைகள் என்று எல்லாவற்றையும் முதுகில் சுமந்துபோகும் நடமாடும் மருத்துவமனை அது.

சீனப் படைகள் யாலு ஆற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட நேரம். வடகொரியத் தலைநகர் பியாங்யாங்கில் இருந்த ரங்கராஜின் பிரிவுக்கு, ஊரைக் காலிசெய்து தெற்கே வரும்படி டிசம்பர் தொடக்கத்தில் உத்தரவு வருகிறது. ஆட்கள் தப்பிக்க வழி உண்டு. சாமான்களை ஏற்ற வண்டி இல்லை. விட்டுவிட்டு வாருங்கள் என்பதுதான் அதன் பொருள். ரங்கராஜ் கணக்குப் போட்டார். கருவிகள் இல்லாமல் தெற்கே போய்ச் சேரும் 300 பேர் மருத்துவமனை ஆகமாட்டார்கள். சோறு போட வேண்டிய 300 வாய்கள், அவ்வளவுதான். ரயில் நிலையத்தில் ஒரு பழைய நீராவி இன்ஜினையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்தார்கள். இன்ஜின் ஓட்டத் தெரிந்தவர்கள் படைக்குள்ளேயே இருந்தார்கள். கொதிகலனுக்குத் தண்ணீர்? வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி ஊற்றினார்கள். நெருப்பு மூட்டி, சாமான்களையெல்லாம் ஏற்றி, பாலங்கள் தகர்க்கப்படுவதற்குள் ஆற்றைத் தாண்டித் தெற்கே வந்து சேர்ந்தார்கள்.

இந்த ரயில் கதையைச் சாகசமாகச் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். எனக்கு அதில் பிடித்தது சாகசம் அல்ல, அந்தக் கணக்கு. மருத்துவமனை என்பது ஆட்கள் மட்டுமல்ல, கத்தியும் நூலும் கொதிகலனும் சேர்ந்தது என்று புரிந்த நிர்வாகியின் பிடிவாதம் அது. பேரிடர் வரும்போதெல்லாம் ஆக்சிஜன் எங்கே, ஜெனரேட்டர் எங்கே என்று தேடி ஓடும் ஊர்க்காரர்களுக்கு இது புரிய வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரமும் முடிச்சூரும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம்.

மீண்டும் கொரியா. 1951 மார்ச் 23. அமெரிக்காவின் 187-வது வான்வழிப் படைப்பிரிவு, இம்ஜின் ஆற்றங்கரையில் உள்ள முன்சான்-நி என்ற இடத்தில் பாராசூட்டில் இறங்கியது. ‘டோமஹாக்’ என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களோடு ரங்கராஜ் தலைமையில் 12 இந்தியர்கள், டாக்டர்களும் உதவியாளர்களுமாக, குதித்தார்கள். பாராசூட் போரில் முதல் நோயாளியை உருவாக்குவது குண்டு அல்ல, தரை. கணுக்கால் முறிந்தவன், இடுப்பு பிசகியவன் என்று வரிசை தொடங்கிவிடும். குண்டடி பட்டவர்கள் பிறகு வருவார்கள். இறங்கிய இடத்திலேயே சிகிச்சை நிலையத்தை விரித்து வேலையை ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் இப்படியென்றால், பிரிவின் இன்னொரு பாதி தெகு நகரில் மேஜர் என்.பி. பானர்ஜி தலைமையில் கொரியப் படையினருக்கும் பொதுமக்களுக்கும் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தது. அவருக்கும் மகா வீர் சக்கரம் கிடைத்தது. அந்த 60-வது பிரிவு 1954 பிப்ரவரி வரை கொரியாவில் இருந்தது.

பூசானின் தேஜோங்தே கடற்கரைக் குன்றில், மருத்துவப் படை அனுப்பிய ஐந்து நாடுகளுக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். சுவீடன், நார்வே, டென்மார்க், இத்தாலி ஆகியவற்றோடு இந்தியா. கொரியர்கள் நினைவில் வைத்திருப்பது, செத்தவர்களை மட்டுமல்ல, பிழைக்க வைத்தவர்களையும். நாம் இதில் வேறு மாதிரி.

நம்முடைய வீர மரபு பெரும்பாலும் சாவின் மரபு. நடுகல் நட்டதே போரில் பட்டவனுக்குத்தான். கன்றைக் காக்கப் போய் இறந்தவனும் ஊரைக் காக்கப் போய் இறந்தவனும் கல்லானார்கள். காத்துவிட்டு வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தவனுக்குக் கல் கிடையாது. சிப்பாய்க்கு இந்த அளவுகோல் ஓரளவு பொருந்தலாம். டாக்டருக்கு அறவே பொருந்தாது. ஒரு பட்டாலியனில் 800 பேர் இருப்பார்கள். அவர்களோடு இருக்கும் டாக்டர் பெரும்பாலும் ஒரே ஒருவர். 25, 26 வயது கேப்டன். ‘டாக்டர் சாப்’ என்று கூப்பிடுவார்கள். பங்கருக்குள்ளோ பாறை மறைவிலோ நாலைந்து நர்சிங் உதவியாளர்களோடு அவர் வைத்திருக்கும் இடத்துக்கு ‘ரெஜிமென்டல் எய்டு போஸ்ட்’ என்று பெயர். ரத்தம் கசிவதை நிறுத்துவது, மூச்சுக்குழாயைத் திறப்பது, வலிக்கு ஊசி போடுவது, யாரை முதலில் கீழே அனுப்புவது என்று பிரிப்பது: இவ்வளவும் அங்கே நடக்கும். அந்த ஒருவர் ஆவேசத்தில் முன்னால் ஓடிப்போய்ச் செத்தால், அன்றைக்கு அடிபடும் ஒவ்வொருவனுக்கும் சாவதற்கான வாய்ப்பு கூடும். ராணுவ டாக்டரின் முதல் கடமை உயிரோடு இருப்பது.

ஆங்கிலேயரின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை இரண்டு முறை வாங்கியவர்கள் உலகத்திலேயே மூவர்தான். அந்த மூவரில் இருவர் டாக்டர்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒருவர் நோயல் சாவஸ். 1917 ஆகஸ்டில் பெல்ஜியத்தில் காயத்தால் இறந்தார். மற்றவர் ஆர்தர் மார்ட்டின்-லீக். நம் நாட்டில் வங்காள–நாக்பூர் ரயில்வேயில் மருத்துவ அதிகாரியாக வேலை பார்த்தவர், 1953 வரை வாழ்ந்தார். சாவஸைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். மார்ட்டின்-லீக் இந்தியாவில் இருந்தார் என்பதே இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் பக்கமும் அதே கதைதான். 1938-ல் சீனாவுக்கு உதவ காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவில் ஐந்து டாக்டர்கள்: அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி. சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ், சீனக் கம்யூனிஸ்டுகளின் எட்டாம் வழிப் படையோடு வேலை செய்து, 1942 டிசம்பர் 9 அன்று 32 வயதில் அங்கேயே இறந்தார். சாந்தாராம் அவரைப் பற்றி 1946-ல் படமே எடுத்தார். இந்தியா வந்த சீனத் தலைவர்கள் அவர் குடும்பத்தைப் பார்த்தார்கள். மற்ற நால்வர்? ஊர் திரும்பினார்கள். அவர்களில் பாசுதான் அக்குபங்சர் சிகிச்சையை இந்தியாவுக்குக் கொண்டுவந்து பரப்பினார். பாடப்புத்தகம் ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டது. கோட்னிஸின் தியாகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஐந்து பேரும் ஒரே குழுவில்தான் போனார்கள், அவ்வளவுதான்.

அதற்காகச் செத்தவர்களையெல்லாம் நாம் கொண்டாடிவிட்டோம் என்றும் நினைக்க வேண்டாம். கேப்டன் கல்யாண் முகர்ஜியின் சாவு, ஒரு பாட்டி இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

கல்கத்தாவில் மருத்துவம் படித்து, இங்கிலாந்து போய், இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர் அவர். முதல் உலகப் போரின்போது, 1915-ல், மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, அனுப்பினார்கள். ஜெனரல் டவுன்ஷெண்டின் படை பாக்தாதைப் பிடிக்கப் போய், டெசிஃபோனில் அடிபட்டுத் திரும்பி, கூத்-அல்-அமாரா என்ற ஆற்றங்கரை ஊரில் துருக்கியரிடம் சிக்கியது. 1915 டிசம்பர் 7 முதல் அடுத்த ஏப்ரல் 29 வரை முற்றுகை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். உணவு தீர்ந்ததும் குதிரைகளை அறுத்தார்கள். இந்தியர்களில் பலர் அந்த இறைச்சியைத் தொடவில்லை. மதப் பெரியவர்களிடம் கம்பியில்லாத் தந்தி மூலம் அனுமதி வாங்கித் தந்தும் வெகுநாள் மறுத்தார்கள்.

மருத்துவ மாணவர்களுக்கு நல்ல பாடம் அங்கே நடந்தது. வெள்ளை மாவு ரொட்டி சாப்பிட்ட ஆங்கிலேயருக்கு பெரிபெரி வந்தது. தவிடு நீக்காத கோதுமை மாவு சாப்பிட்ட இந்தியருக்கு வரவில்லை. குதிரை இறைச்சி சாப்பிட்ட ஆங்கிலேயர் ஸ்கர்வியிலிருந்து தப்பினார்கள். இறைச்சியும் காய்கறியும் இல்லாத இந்தியர் ஈறு வீங்கிக் கிடந்தார்கள். வைட்டமின்கள் என்ற கருத்தே பிறந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்த காலம். கூத்தில் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கர்னல் பாட்ரிக் ஹெஹிர் இதையெல்லாம் எழுதி வைத்தார். பட்டினிக்கும் சாவுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு மருத்துவர் குறிப்பெடுத்ததால்தான், சோற்றில் என்ன இருக்க வேண்டும் என்பது படைகளுக்குப் புரிந்தது.

படை சரணடைந்தது. சிறைப்பட்ட சிப்பாய்கள் பாலைவனத்தில் நடத்தியே கொண்டுபோகப்பட்டு ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கல்யாண் போய்ச் சேர்ந்த இடம் பாக்தாத் ரயில் பாதைக்கு ஆள்பிடித்து வேலை வாங்கிக்கொண்டிருந்த ராஸ்-அல்-ஐன். கைதியாக இருந்தாலும் டாக்டர் டாக்டர்தானே. அங்கே காய்ச்சலில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1917 மார்ச்சில் தானும் காய்ச்சலில் இறந்தார். போர்முனையிலிருந்து அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில், ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பறிப்பதற்கு தேசபக்தி என்று பேர் வைத்துக்கொள்கிறார்கள் என்ற கசப்பு வெளிப்படையாக இருக்கிறது. ஆங்கிலேயரின் சீருடையைப் போட்டுக்கொண்டே அதை எழுதினார். எண்பது வயதை ஒட்டியிருந்த அவருடைய பாட்டி மோட்சதா தேவி, அந்தக் கடிதங்களைச் சேர்த்து, பேரனின் வாழ்க்கையை ‘கல்யாண் பிரதீப்’ என்ற வங்க மொழிப் புத்தகமாக 1928-ல் வெளியிட்டார். அரசாங்கம் எழுதவேண்டியதைப் பாட்டி எழுதினார்.

மெசபடோமியாவுக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு. சென்னை மாகாணத்தார் போர் நிதி திரட்டி ‘மதராஸ்’ என்ற பெயரிலேயே மருத்துவக் கப்பல் ஒன்றை அனுப்பினார்கள். ஆனால், ஆற்றின் மேல்பகுதியிலிருந்து காயம்பட்டவர்களைக் கடலுக்குக் கொண்டுவர ஒழுங்கான ஏற்பாடே கிடையாது. டெசிஃபோனில் அடிபட்டவர்களை ஸ்பிரிங் இல்லாத கட்டை வண்டிகளில் ஏற்றி, பிறகு திறந்த படகுகளில் நாள்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடத்தி பஸ்ரா அனுப்பினார்கள். அந்தப் படகுகள் வந்து சேர்ந்த கோலத்தைக் கண்டு பொறுக்காமல் எழுதிய டாக்டர் மேஜர் கார்ட்டரை, மேலதிகாரிகள் வாயை மூடச் சொல்லி மிரட்டினார்கள். அவர் மூடவில்லை. விவகாரம் விசாரணைக் கமிஷன் வரை போய், 1917 ஜூலையில் இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலகினார். ஒரு டாக்டர் எழுதிய புகாருக்கு இவ்வளவு கனம் இருந்திருக்கிறது. எனக்கு இதுவும் போர்க்கள வீரம்தான், பதக்கப் பட்டியலில் இதற்கென்று இடம் இல்லாவிட்டாலும்.

நம் காலத்தில், 2010 பிப்ரவரி 26 அன்று காபூலில் மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங் இறந்தார். மணிப்பூர்க்காரர், இந்திய மருத்துவக் குழுவில் சேர்ந்து அங்கே போய் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. விருந்தினர் விடுதிக்குள் புகுந்த தற்கொலைப் படையாளியை ஆயுதம் ஏதுமின்றி வெறுங்கையால் கட்டிப் பிடித்தார். குண்டு அவரோடு வெடித்தது. உள்ளே இருந்த சகாக்கள் பிழைத்தார்கள். அவருக்கு அசோகச் சக்கரம். 1962 நவம்பரில் லடாக்கின் ரெசாங் லாவில் சீனரோடு நடந்த சண்டையில் இறந்த நர்சிங் உதவியாளர் தரம்பால் சிங் தஹியா, பனி விலகிய பிறகு கண்டெடுக்கப்பட்டபோது அவர் கையில் ஊசியும் கட்டுத்துணியும் இருந்தன. வீர் சக்கரம். இவர்களைப் பற்றி வாதம் ஏதும் இல்லை. இந்த இடங்களில் வேறு வழியே கிடையாது. பரம் வீர் சக்கரம் வாங்கிய 21 பேரில் ராணுவ மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். அந்த விருதின் அளவுகோல் எதிரியின் முன்னிலையில் காட்டும் வீரம். டாக்டரின் வீரம் திரும்பி நிற்கும் திசை வேறு.

தமிழ்நாட்டில் ராணுவ மருத்துவர் என்று பேச்செடுக்கும்போது ஒரு நெருடலைத் தாண்டிப் போக முடியாது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படையினர் நுழைந்தார்கள். மறுநாள் வரை நீடித்த துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகளும் ஊழியர்களுமாக 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இருதரப்புச் சண்டையின் நடுவே சிக்கியவர்கள் என்று இந்தியத் தரப்பு சொன்னது. உள்ளே இருந்து உயிர்பிழைத்த ஊழியர்கள் சொன்னது அப்படி இல்லை. இறந்தவர்களில் டாக்டர்கள் சிவபாதசுந்தரம், கணேசரத்தினம், பரிமேலழகர் மூவரும் உண்டு. குழந்தை மருத்துவரான சிவபாதசுந்தரம் மறுநாள் காலை கையை உயர்த்தியபடி வந்தபோது சுடப்பட்டார் என்பது பிழைத்தவர்களின் சாட்சியம். அந்தப் படையிலும் டாக்டர்கள் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் அந்தப் போரில் இறந்தார்கள், காயம்பட்டவர்களைக் காப்பாற்றியவர்கள் அந்த டாக்டர்கள்தான். 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவு சென்னைத் துறைமுகம் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த வலி நமக்குத் தெரிந்ததே. ஆனால் அதற்குப் பிறகு, ராணுவத்தைப் பற்றி ஒன்று கண்மூடித்தனமான பூரிப்பு, இல்லையேல் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்ற இரண்டே நிலைகள் இங்கே தங்கிவிட்டன. ரங்கராஜ் போன்ற ஒருவரை நிதானமாகப் பார்க்க இந்த இரண்டிலும் இடமில்லை.

யாழ்ப்பாணத்தை இங்கே கொண்டுவருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவமனையும் மருத்துவரும் போரில் தொடப்படக் கூடாதவர்கள் என்று 1864-லிருந்து ஜெனீவா ஒப்பந்தங்கள் சொல்லிவருகின்றன. 2016 மே மாதத்தில் ஐ.நா. பாதுகாப்பு அவை 2286-வது தீர்மானத்தில் அதைத் திரும்பவும் சொன்னது. அதன் பிறகும் உக்ரைனில், காஸாவில், சூடானில் மருத்துவமனைகள் நொறுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொல்லப்பட்ட டாக்டருக்கு மாலை போடுவது சுலபம். டாக்டரைக் கொல்லக் கூடாது என்று தன் படைக்கே சொல்வது கடினம். இந்த இரண்டாவதைச் செய்யும் நாடுதான் முதலாவதைச் செய்யத் தகுதி உள்ளது என்பேன்.

ரங்கராஜ் போருக்குப் பின் என்ன செய்தார் என்பதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். ராணுவத்திலிருந்து வந்தபின் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணியில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானில் அதன் குழுத் தலைவராக இருந்தார். சாலையில்லாத மலைக்கிராமங்கள், வெளி ஆண்களின் கண்ணில் படாத பெண்கள். இதற்கு நடுவே, உண்மையான அம்மைப் பக்கைப் பொடித்துக் கைகளில் கீறிவிடும் நாட்டு ‘அம்மை குத்துபவர்கள்’ வேறு. அவர்களால் நோய் சில நேரம் மேலும் பரவும். ஊர் ஊராகப் போய் அவர்களைக் கண்டுபிடித்துப் பேசி, தடுப்பூசி போட்டு, நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி வளைத்து... 1970-களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை நின்றது. பாராசூட் தேவைப்படாத வேலை. கொரியாவில் காப்பாற்றியதைவிட அங்கே காப்பாற்றப்பட்டவர்கள் கூடுதலாகவே இருப்பார்கள். அவர் 2009-ல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பின் காலமானார்.

முன்சான்-நியில் அவர் பாராசூட் விரியாமல் போயிருந்தால் இங்கே ஒரு தெருவுக்கு அவர் பெயர் கிடைத்திருக்கலாம். ஆப்கான் குழந்தைகளுக்கு அவர் கிடைத்திருக்க மாட்டார்.

ராணுவ மருத்துவப் பிரிவில் சேர எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்குக் குறுகிய காலப் பணி வாய்ப்பு உண்டு. முதலில் ஐந்து ஆண்டு, விரும்பினால் நீட்டித்து மொத்தம் 14 ஆண்டு வரை. ஆண், பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம். பத்திரிகையில் விளம்பரம் வரும். பட்டமேற்படிப்பு நீட் பயிற்சிக் கவலையில் அதைப் புரட்டிப் போவோர்தான் அதிகம். எல்லாரும் பட்டாளத்தில் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை. கல்லூரி வாசலில் சிலை வேண்டும் என்றும் கேட்கவில்லை. சிலைகளுக்கு இந்தச் சாலையில் ஏற்கெனவே இடமில்லை. 2019 பாடத்திட்டத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுகப் பயிற்சி என்று ஒன்று வந்திருக்கிறது. மருத்துவ வரலாறு, நெறி, தொழில்முறைப் பண்பு எல்லாம் அதில் பேசப்பட வேண்டும். ஹிப்போகிரட்டஸிலிருந்து தொடங்கி ஐரோப்பாவுக்குள்ளேயே சுற்றும் அந்த வரலாற்று வகுப்பில் ஒரு மணி நேரத்தை பியாங்யாங் ரயிலுக்கும் கூத் முற்றுகைக்கும் ஆப்கான் பெரியம்மைக்கும் ஒதுக்கலாம். ரயிலை அறுவை சிகிச்சைப் பேராசிரியர் எடுக்கட்டும். கோதுமை மாவையும் குதிரை இறைச்சியையும் உயிர்வேதியியல் துறை பார்த்துக்கொள்ளும். பெரியம்மை எப்படியும் சமூக மருத்துவப் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஆப்கானிஸ்தான் என்று வரும் இடத்தில், அங்கே குழுவை நடத்தியவர் ஆற்காட்டுப் பெயர் தாங்கிய ஒரு பழைய ராணுவ டாக்டர் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும்.